தங்கள் அளவில்

பையை மேல போட வேணாம் சார், மடியிலயே இருக்கட்டும். உள்ள ஃபைல் இருக்குது, சீல் இருக்குது, சாவி இருக்குது. பிரேக் அடிச்சா எல்லாம் போய் டிரைவர் தலையில விழும்.

நீங்க டவுன் வரைக்குமா? நல்லதாப் போச்சு. இன்னிக்கு எனக்குப் பேச ஒரு ஆள் வேணும். தப்பா எடுத்துக்காதீங்க, வழக்கமா நான் பஸ்ல யார்கிட்டயும் வாய் குடுக்கறதில்ல. இன்னிக்கு சும்மா உக்கார முடியல. பயம். வெக்கத்தை விட்டு சொல்றேன், பயம்.

என் பேரு தேசிங்கு. ஹவில்தார் தேசிங்கு, ரிட்டயர்டு. இருபத்திநாலு வருஷ மிலிட்டரி சர்வீஸ். இப்ப காட்டுநொச்சிப்பட்டு ஊராட்சி மன்றத் தலைவர். ஆமா, தலைவரேதான். இன்னா அப்பிடிப் பாக்கறீங்க? தலைவர்னா பஸ்ல போவக் கூடாதா? நம்ம கைசுத்தம் நம்மள பஸ்ல கொண்டாந்து விட்டுடுச்சு, அவ்ளோதான்.

இருங்க, போன் ஆடுது.

ஒண்ணியும் இல்ல. கேன்டீன் மெசேஜ். மிலிட்டரி கேன்டீன்ல புதுசா குக்கர் வந்திருக்குதாம். ஒவ்வொரு தடவை இது ஆடும்போதும் ஊர்லேர்ந்துதான்னு நெனச்சுடறேன் சார். சரி, ஊர்லேர்ந்து இல்ல. ஊர்லேர்ந்து இல்லாத வரைக்கும் நல்ல சேதிதான்.

நான் எலெக்‌ஷன்ல நின்ன கதையைச் சொல்றேன். எங்கூர் பசங்க போஸ்டர் அடிச்சாங்க, 'எல்லையைக் காத்தவர் ஊரைக் காப்பார்'னு. சின்னம் பூட்டு சாவி. நான் ரோடு போடறேன், லைட்டு போடறேன்னு சொல்லி ஓட்டு கேக்கல. மாரியம்மன் கோயில் முன்னால நின்னு நாலே விஷயம் சொன்னேன். நேரம் தவற மாட்டேன். பொய் சொல்ல மாட்டேன். கை நீட்ட மாட்டேன். சொன்ன சொல்லுக்குக் கீழ்ப்படிவேன். மிலிட்டரி எனக்குக் குடுத்தது இந்த நாலு, இதை அப்பிடியே ஊருக்குத் தர்றேன்னேன். நாலாவது சொல்லும்போது கூட்டத்துல ஒருத்தன் சிரிச்சான். "தலைவராயிட்டா யாருக்குபா கீழ்ப்படிவே?"ன்னான். மிலிட்டரி பாக்காதவன் அப்பிடித்தான் பேசுவான். மேல யாரும் இல்லாத ஆளுன்னு உலகத்துல எவனாவது உண்டா? ஜெனரலுக்கே மேல ஆள் உண்டு சார். ஜெயிச்சேன். நூத்தி எழுபத்தோரு ஓட்டு வித்தியாசம்.

வந்த உடனே ஊரை ஒழுங்கு பண்ணேன். நூறு நாள் வேலைக்கு வர்ற பொம்பளைங்க எட்டரைக்கு வருவாங்க, ஒன்பதுக்கு வருவாங்க, மரத்தடில உக்காந்து வெத்தலை போடுவாங்க. நான் ஏழரைக்கு விசில் அடிச்சேன். வரிசையா நிக்கணும், பேர் கூப்பிட்டா 'உள்ளேன்'னு சொல்லணும். முதல் வாரம் சிரிச்சாங்க. அப்பறம் சிரிக்கல. இப்ப நான் தெருவுல வந்தா பேச்சு நின்னுடும் சார். மரியாதை. அவ்ளோ மரியாதை.

அப்பறம் சுற்றறிக்கை. எங்க ஊராட்சி செயலர் சேட்டு, அவனை உக்கார வெச்சு நான் சொல்லச் சொல்ல எழுத வெப்பேன். டூட்டி நேரத்துல செல்போன் பீரோல வெச்சுப் பூட்டணும். அது ஒண்ணு. எழுத்துல உத்தரவு இல்லாம எவனும் எதையும் இடம் மாத்தக் கூடாது. அது ஒண்ணு. ஊராட்சில வேலை செய்யற எல்லாருக்கும் பொருந்தும். அங்கன்வாடிக்கும் சேத்துப் போடுன்னேன். சேட்டு தலையைச் சொறிஞ்சான். "தலைவரே, அங்கன்வாடி நம்ம கீழ வராது, அவங்க டிபார்ட்மெண்டே வேற"ன்னான். ஊருக்குள்ள இருக்குதா இல்லியா? அப்ப வரும்னேன். போட்டுட்டான்.

அந்த அங்கன்வாடிதான் சார் விஷயம்.

எங்கூர் மேட்டுத் தெருவுல ஒரு வாட்டர் டேங்க் இருக்குது. மேல்நிலைத் தொட்டி. நாலு தூண், முப்பதாயிரம் லிட்டர். நான் பட்டாளத்துக்குப் போவும்போது கட்டுனது. அதுக்கு அடியிலன்னு சொல்ல முடியாது, ஆனா அடியிலதான், கை நீட்டினா தூணைத் தொடலாம், அங்க அங்கன்வாடி கட்டிட்டாங்க. புறம்போக்கு அங்கதான் இருந்துதாம். இருபத்திரெண்டு புள்ளைங்க. ரெண்டு வயசுலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும். டீச்சர் பேரு ரேணுகா. நல்ல பொண்ணு.

போன சித்திரைல தூணைப் பாத்தேன். ஒரு வெடிப்பு. மேலேர்ந்து கீழ வரைக்கும். ஆடிக்கு அது விரல் போற அளவு ஆச்சு. உள்ள கம்பி தெரியுது, தொட்டா செதில் செதிலா துரு வருது. நான் ஒரு காரியம் பண்ணேன். நியூஸ்பேப்பரைப் பட்டையா கிழிச்சு, வெடிப்புக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பசை தடவி ஒட்டி, தேதி எழுதிட்டேன். வெடிப்பு பெரிசானா பேப்பர் கிழியும். முதல் பேப்பர் நாப்பது நாள் தாங்குச்சு. அடுத்தது பதினெட்டு நாள். அதுக்கடுத்தது மூணு நாள். நேத்து சாயந்திரம் ஒட்டுன பேப்பர் இன்னிக்குக் காலைல ஆறு மணிக்குப் போறேன், கிழிஞ்சு ரெண்டா தொங்குது.

அதான் சார் பயம்.

சும்மா இருந்தியான்னு கேக்கறீங்களா? நான் சும்மா இருக்கற ஆளா? பதினோரு லெட்டர் எழுதியிருக்கேன். பதினொண்ணு! ஒவ்வொண்ணுக்கும் நகல், ஒப்புகை, நினைவூட்டு ஒண்ணு, நினைவூட்டு ரெண்டு. எல்லாம் முறைப்படி, ஒரு படி தாண்டாம. கீழ இருக்கற ஆபீசர் மேல அனுப்பணும், அவர் அதுக்கு மேல அனுப்பணும். நேரா மேல போயி கதவைத் தட்டறது நம்ம பழக்கம் இல்ல. "விரிசல் தொடர்பாக உரிய உத்தரவு வேண்டி"ன்னு பொருள் போட்டு எழுதுனேன். ஊர்ல யாருக்கும் சொல்லல. கிராம சபைல ஒரு பாட்டி கேட்டுச்சு, டேங்கு இன்னாபா இப்பிடி வாயைப் பொளந்துக்கினு இருக்குதுன்னு. "பூச்சு உதிருது, பயப்படாதீங்க"ன்னு சொல்லிட்டேன். பீதியைக் கிளப்பக் கூடாது இல்ல. அதுவும் மிலிட்டரி பாடம்தான்.

இன்னா சொன்னீங்க? மூடிட வேண்டியதுதானேவா?

எதை மூடறது? அங்கன்வாடியையா? அப்பிடி நெனச்ச மாத்திரத்துல மூட முடியுமா சார்? சொல்றது சுளுவு. யார் மூடறது? எந்த உத்தரவுல? நாளைக்கு ஒருத்தன் வந்து கேப்பான். புள்ளைங்களை எங்க வெக்கறது, அதுக்கு யார் அனுமதி, சாப்பாடு எங்க ஆக்கறது, அதுக்கு யார் அனுமதி. தண்ணியையாவது இறக்கிடலாம், பாரம் குறையும்னு சேட்டும் சொன்னான். ஊருக்குத் தண்ணி இல்லன்னா அதுக்கு யார் பதில் சொல்றது? அங்கன்வாடி நம்ம கீழ வராது சார். டிபார்ட்மெண்டே வேற.

சிரிக்கறீங்களா? இல்லியா? சரி.

ரேணுகாகிட்டயே ஒரு தடவை இதே பிரச்சினை. ஒரு நாள் உள்ள சாரைப்பாம்பு பூந்துடுச்சு. அந்தப் பொண்ணு புள்ளைங்களை அள்ளிக்கினு ஸ்கூல் வராண்டாவுக்குப் போயிடுச்சு. யார்கிட்டயும் கேக்கல. நான் பதினொரு மணிக்கு ரவுண்ட்ஸ் போறேன், அங்கன்வாடி காலி. எனக்கு எப்பிடி இருக்கும்? மெமோ குடுத்தேன். "யாருடைய எழுத்துப்பூர்வமான உத்தரவின் பேரில் குழந்தைகளை இடம் மாற்றினீர்கள்?" அது கண்ணுல தண்ணி. "பாம்பு சார், பாம்பு"ன்னுது. பாம்புன்னா முதல்ல ரிப்போர்ட்டு பண்ணணும், அப்பறம் உத்தரவு வரும், அப்பறம் நகரணும்னேன். வாத்தியார் மாதிரி நிதானமாத்தான் சொன்னேன், கத்தல. அதுக்கப்பறம் அந்தப் பொண்ணு ஒரு பாயை இந்த மூலைலேர்ந்து அந்த மூலைக்குப் போடணும்னாலும் எனக்கு எழுதிக் கேக்கும். ஒழுக்கம் வந்துடுச்சு.

போன். இருங்க.

பேங்க்காரன். லோன் வேணுமான்னு கேக்கறான். வெச்சுடறேன்.

எங்க வூட்டுப் புள்ளைங்க யாராச்சும் அங்க படிக்குதான்னா? பேத்தி. கனிஷ்கா. மூணரை வயசு. படிச்சுது. இப்பப் போவல. கொஞ்சம் வயித்துக் கோளாறு. இல்ல, இப்ப நல்லாருக்குது. பாட்டியோட அவங்க தாய் வூட்டுக்கு அனுப்பியிருக்கேன், மலையடிவாரம், நல்ல காத்து. பத்து நாளாச்சு. திரும்பி வர்றது... பாக்கலாம். எதுக்குக் கேக்கறீங்க? அது வூட்டு விஷயம் சார். வூட்டுப் புள்ளையை அனுப்ப உத்தரவு வேணுமா இன்னா? என் பேத்தி, நான் அனுப்பறேன். ரெண்டும் வேற வேற. ரெண்டையும் ஒண்ணா சேத்துப் பாக்காதீங்க.

பாக்காதீங்க சார். அப்பிடிப் பாத்தீங்கன்னா எனக்குப் பேச வராது.

சரி. சொல்லிடறேன். யார்கிட்டயும் சொன்னதில்ல, பொண்டாட்டிகிட்டயும் சொன்னதில்ல. நீங்க யாரோ, நான் யாரோ. டவுன் வந்தா இறங்கிப் போயிடப் போறோம்.

வடக்க ஒரு பனிமலைப் போஸ்ட். நான் அப்ப நாயக். என் கீழ ஏழு பேர். ஒரு தகரக் குடிசை, பின்னால சுவர் மாதிரி பனி. ஒரு நாள் மத்தியானம் மேலேர்ந்து ஒரு சத்தம். காஞ்ச மட்டையை ஒடிக்கற மாதிரி. பனி விரிஞ்சா அப்பிடித்தான் சத்தம் வரும். வயர்லெஸ் ரெண்டு நாளா செத்துக் கெடக்குது, கீழ கேக்க வழி இல்ல. எனக்கு முடிவெடுக்கத் தெரிஞ்ச வயசு சார் அது. "கிளம்புங்கடா"ன்னேன். எட்டு பேரும் இறங்குனோம். ஒரு மணி நேரம் நடந்திருப்போம். நடுவுல மாதப்பன்னு ஒருத்தர், கிருஷ்ணகிரி பக்கம், எங்களுக்கெல்லாம் சமையல். பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு மாசம். "நாயக் சாப், சுடுதண்ணி போட்டு வெச்சேனே, அதைக் குடிச்சுட்டுக் கிளம்பியிருக்கலாம்"னு எனக்குப் பின்னால சொல்லிக்கினே வந்தார். அந்தப் பேச்சு பாதில நின்னுது. திரும்பிப் பாத்தா ஆள் இல்ல. பனில ஒரு ஓட்டை. அவ்ளோதான்.

விட்டுட்டு வந்த குடிசை இன்னா ஆச்சுன்னு கேளுங்க. ஒண்ணியும் ஆவல. பனி விழவே இல்ல. அடுத்த பேட்ச் போயி அதுலயே தங்குனாங்க. அதுக்கடுத்த பேட்சும் தங்குனாங்க. இன்னும் அந்தக் குடிசை நிக்குதுன்னு ஒருத்தன் சொன்னான்.

விசாரணை வெச்சாங்க. மூணு ஆபீசருங்க, ஒரு மேசை. "கிஸ்கா ஹுகும் தா?"ன்னாங்க. யாருடைய உத்தரவுன்னு அர்த்தம். "மேரா, சாப்"னேன். என்னுதுன்னேன். உண்மையைச் சொன்னேன் சார், அது வரைக்கும் உண்மையைத்தான் சொன்னேன். அவங்களும் நல்லவங்க. எண்ணம் சரி, தப்பு இல்லன்னு எழுதிட்டாங்க. பெட்டியோட அவர் ஊருக்கு என்னையே அனுப்பினாங்க. அவர் சம்சாரம் அழுது முடிச்சு, மூணாம் நாள் என்கிட்ட வந்து கேட்டாங்க. கோவமா இல்ல. தண்ணி குடிக்கறீங்களான்னு கேக்கற மாதிரி கேட்டாங்க. "யார்ப்பா அவரை நடக்கச் சொன்னது?"

மேலிடம்னு சொன்னேன்.

மேலிடத்து உத்தரவும்மான்னேன். அந்தம்மா தலையாட்டிட்டு உள்ள போயிட்டாங்க. அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் எழுத்துல இல்லாம நான் ஒரு அடி எடுத்து வெக்கல. எழுத்துல இருந்தா மேலிடம் இருக்குது. எழுத்துல இல்லன்னா நான்தான் இருக்கேன். எனக்கு என்னைக் கண்டாத்தான் சார் பயம். டேங்கைக் கண்டு அப்பறம்தான்.

புரியுதா? நான் அங்கன்வாடியை மூடி, புள்ளைங்களை வேற இடத்துக்கு மாத்தி, அங்க ஒரு புள்ள கிணத்துல விழுந்தா? ஒரு புள்ள ரோடு தாண்டி லாரில அடிபட்டா? டேங்கு இன்னும் நாப்பது வருஷம் ஜம்முனு நின்னா? அப்ப எந்தத் தாய் வந்து என்னைக் கேப்பா? நான் இன்னா சொல்லுவேன்? மறுபடியும் மேலிடம்னா சொல்லுவேன்?

தண்ணி இருக்குதா? குடுங்க. வாய் வறண்டு போச்சு.

இன்னிக்குப் பஸ் ஏறுனது எதுக்குன்னு கேட்டீங்க இல்ல. பதில் வந்துடுச்சு சார். இன்னிக்குக் காலைல. பேப்பர் கிழிஞ்சதைப் பாத்துட்டு ஆபீசுக்குப் போய் உக்காந்திருக்கேன், தபால்காரர் வந்து கவரை நீட்டறார். மேல கோபுர முத்திரை. எனக்கு உயிர் வந்துது. எழுந்து நின்னுதான் பிரிச்சேன். தோ, படிங்க. கண்ணாடி இல்லியா? நானே படிக்கறேன். "பார்வையில் காணும் கடிதம் இத்துடன் இணைத்து அனுப்பப்படுகிறது." இணைச்சது என் லெட்டர்தான். என் பதினோராவது லெட்டர். மேல வரைக்கும் போயி, ஒவ்வொரு படியா கீழ எறங்கி வந்திருக்குது. அஞ்சு சீலு, அஞ்சு கையெழுத்து. ஒவ்வொருத்தரும் கீழ இருக்கறவருக்குத் தள்ளிவிட்டிருக்காங்க. கடைசில யாருக்கு வந்திருக்குது பாருங்க. "பெறுநர்: தலைவர், காட்டுநொச்சிப்பட்டு ஊராட்சி. தங்கள் அளவில் உரிய நடவடிக்கை மேற்கொண்டு அறிக்கை அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

தங்கள் அளவில்.

எந்த அளவில் சார்? அளவு போடலியே! பட்டாளத்துல ஒரு குழி வெட்டச் சொன்னா நீளம் எவ்ளோ, அகலம் எவ்ளோ, ஆழம் எவ்ளோன்னு வரும். இதுல தங்கள் அளவில்னு மட்டும் இருக்குது. என் அளவு எவ்ளோ? சேட்டுகிட்டக் காட்டுனேன். "அப்பிடின்னா நீங்களே பாத்துக்குங்கன்னு அர்த்தம் தலைவரே"ன்னான். அவனுக்கு இன்னா தெரியும். அதான் விளக்கம் கேட்டு ஒரு லெட்டர் எழுதி எடுத்துக்கினு கிளம்பிட்டேன். பன்னெண்டாவது. 'தங்கள் அளவில் என்ற சொற்றொடருக்கு விளக்கம் வேண்டி.' இன்னிக்கு நேர்லயே குடுத்து, உக்காந்திருந்து, கையோட பதில் வாங்கிக்கினு வந்துடணும்.

வரும்போது அங்கன்வாடி வழியாத்தான் வந்தேன். உள்ள சத்தம். இன்னிக்கு முட்டை நாள் சார். முட்டை நாள்னா ஒரு புள்ள கூட வூட்ல நிக்காது, இருபத்திரெண்டும் வந்துடும். காய்ச்சல் அடிக்கறதைக் கூட தூக்கியாந்து விடுவாங்க. நான் வாசல்ல நின்னேன். தூண்லேர்ந்து மண்ணு மாதிரி பொடி உதிர்ந்து ஒரு புள்ளையோட செருப்பு மேல விழுந்திருந்தது. ரேணுகா வந்து "வணக்கம் சார்"னுது. வாய் வரைக்கும் வந்துது. கையில உத்தரவு இருக்குது, அஞ்சு சீலு போட்ட உத்தரவு, சொல்லிட்டா முடிஞ்சுது. "வருகைப் பதிவேடு சரியா இருக்கா?"ன்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

இன்னா சார்? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. ஏறினதுலேர்ந்து பஸ்ஸு இந்த ஆட்டம் ஆடுது.

...

நீங்க சொல்றது... சேட்டு சொன்னதேதானே. மேல போயிட்டு வந்துடுச்சு. இதுக்கு மேல போறதுக்கு இடம் இல்ல. போன எல்லாரும் பாத்துட்டு, என் பேரை எழுதி, என்கிட்டயே குடுத்துட்டாங்க. அப்ப மேலிடம்னு... அப்ப ஊர்ல ஓட்டுப் போட்ட சனமெல்லாம்... நான்தான்னா...

நீங்க எழுதிக் குடுங்க சார். 'மூடலாம்'னு ஒரு வரி. தோ பேனா. நீங்க படிச்சவரு, பாத்தாலே தெரியுது. உங்க பேரும் ஊரும் போட்டு ஒரு கையெழுத்து. ஃபைல்ல வெச்சுக்கறேன். மூடிட வேண்டியதுதானேன்னு நீங்கதானே முதல்ல சொன்னீங்க. அதையே எழுதுங்க.

ஏன் சார் பேனாவை வாங்க மாட்டேங்கறீங்க?

பாத்தீங்களா. உங்களுக்கும் பயம். வாயால சொன்னீங்க, கையால எழுத மாட்டீங்க. தப்பு சொல்லல. எனக்குத் தெரியும் அது. நல்லாத் தெரியும்.

இருங்க. போன் பண்றேன். இப்பவே. பண்ணிடறேன்.

அடிக்குது.

அலோ. ரேணுகா? நான்தான். தலைவர். டூட்டி நேரத்துல எப்பிடிம்மா போனை எடுக்கறே நீ? பீரோல வெச்சுப் பூட்டச் சொல்லி சுற்றறிக்கை இருக்குதா இல்லியா? இருக்குது இல்ல? சரி, சரி, மன்னிப்பெல்லாம் வேணாம். இத பாரு, புள்ளைங்களை வெளிய... அதாவது, ஸ்கூல் வராண்டாவுக்கு இட்டுக்கினு போறியா? எதுக்குன்னா... ஒண்ணியும் இல்ல, கொஞ்சம் பூச்சு வேலை இருக்குது. ஆமா, பூச்சுதான். இன்னா? எழுத்துல வேணுமா? இல்லம்மா, நான் சொல்றேன் இல்ல... மெமோவா? அது பழைய கதை, அதை ஏன் இப்ப... முட்டை வேவுதா? சாப்பிட வெச்சுட்டா? அப்பறம் நான் வந்து எழுதிக் குடுத்த உடனேவா? சரி. சரிம்மா. போனைப் பூட்டி வெச்சுடு.

வெச்சுட்டா.

எழுத்துல குடுங்க சார், உடனே மாத்திடறேன், போன தடவை மாதிரி ஆயிடக் கூடாதுன்னு சொல்லுது. நல்ல பொண்ணு. நான் சொல்லிக் குடுத்ததை மறக்காம...

சார், நான் பூச்சுன்னு ஏன் சொன்னேன்?

விழப்போவுதுன்னு சொல்லியிருந்தா இந்நேரம் புள்ளைங்களைத் தூக்கிக்கினு ஓடியிருக்கும். பாம்புக்கே ஓடுன பொண்ணு அது. வாயில வரல சார். பொய்தான் முதல்ல வந்து நின்னுது. ஆமா, ஆமா, திரும்பப் பண்றேன். உண்மையைச் சொல்லிடறேன். மெமோவைக் கிழிச்சுப் போடுன்னு சொல்றேன்.

அடிக்குது. அடிச்சுக்கினே இருக்குது. எடும்மா.

பூட்டிட்டா. பீரோல வெச்சுப் பூட்டிட்டா சார். நான் சொல்லி முடிச்ச உடனே பூட்டியிருப்பா. இனிமே மூணு மணிக்குத்தான் தொறப்பா. சேட்டுக்குப் பண்ணலாம். சேட்டும் பூட்டியிருப்பான், அவனுக்கும் அதே சுற்றறிக்கைதான். பண்ணிப் பாக்கறேன். எடுக்கல. வூட்ல யாரும் இல்ல, அவங்களைத்தான் பத்திரமா அனுப்பி வெச்சுட்டேனே. பக்கத்து வூட்டு நம்பர், யார் நம்பரும்... என்கிட்ட யாரோட நம்பரும் இல்ல சார். எல்லாரும் எனக்கு எழுதித்தான் கேப்பாங்க.

கண்டக்டர்! கண்டக்டர், விசில் அடிங்க! ஸ்டாப்பு இல்லன்னா பரவால்ல, இங்கயே எறக்குங்க. ஆமாய்யா, நடுரோட்லதான். எனக்கு உத்தரவு வந்திருக்குது, அஞ்சு சீலு போட்டு வந்திருக்குது, எறக்குங்க!

பையைக் குடுங்க சார். வரேன். எதிர்ல எங்கூர்ப் பக்கம் போற பஸ் எத்தினி மணிக்கு, தெரியுமா? முக்கா மணி நேரமா? ஓடினா? ஓடினா ஒரு மணி நேரம் ஆவும், எனக்கு முட்டி போயிடுச்சு. ஏதாவது வண்டியைக் கை காட்டி நிறுத்தறேன். பால் வண்டி வரும். யாராச்சும் நிறுத்துவாங்க.

இந்தப் படில நின்னுக்கினு உங்களை ஒண்ணு கேக்கறேன். முக்கா மணி நேரம் அது நிக்கும் இல்ல சார்? நாப்பது நாள் நின்னுது, பதினெட்டு நாள் நின்னுது. முக்கா மணி நேரம் நிக்காதா? எழுதித் தர வேணாம். பேர் வேணாம். வாயால போதும்.

நிக்கும்னு சொல்லுங்க சார்.